‘கட்டி அடக்கி’யா, ‘புற்றுமறிப்பி’யா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் குறித்த சொற்பட்டியலில் பி53, ஆர்பி, பிஆர்சிஏ1 போன்ற, புற்று உருவாகாமல் காக்கும் புரதங்களின் (ஆங்கிலத்தில் tumor suppressor) பொதுப்பெயராகக் ‘கட்டி அடக்கி’, ‘கட்டி ஒடுக்கி’ என்னும் இரண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் ஓரளவு புழங்குபவைதான். ஆயினும் ‘கட்டி அடக்கி’ என்று படிப்பவர், முன்பே வந்துவிட்ட கட்டியை வற்றச்செய்யும் மருந்து என்றே அதைப் புரிந்துகொள்வார். மார்பில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்லாதவை என்பதால், நோயாளிகளுக்கான கட்டுரையில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். இப்புரதங்கள் வேலை செய்வது கட்டி தோன்றுவதற்கு முன்பு, இயல்பான செல்லுக்குள்.

அந்த வேலையைச் சற்று விரித்துச் சொன்னால்தான் பெயரைப் பற்றிப் பேச முடியும். ஈஸ்ட்ரோஜன் தூண்டும்போது மார்பகச் செல்லில், செல் பிரிவதை முடுக்கும் புரதமான சைக்ளின் டி1 பெருகி, சிடிகே4, சிடிகே6 என்னும் கைனேஸ் நொதிகளோடு இணைகிறது. அந்த இணை ஆர்பி புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதுவரை, மரபணுக்களை இயக்கும் ஈ2எஃப் காரணிகளைப் பிடித்துவைத்திருந்த ஆர்பி அவற்றை விட்டுவிட, டிஎன்ஏவை இரட்டிப்பதற்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. இந்த ஓட்டத்தை இரண்டு இடங்களில் நிறுத்தலாம்: பி16 என்னும் புரதம் நேரடியாகச் சிடிகே4, சிடிகே6 ஆகியவற்றோடு ஒட்டிக்கொள்கிறது, டிஎன்ஏ சேதமுற்றால் பி53, பி21 என்னும் புரதத்தை உண்டாக்க, அது அடுத்த கட்டத்தில் வரும் சைக்ளின்-ஈ புரதமும் சிடிகே2 நொதியும் சேர்ந்த இணையை முடக்குகிறது. இதில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவது, சைக்ளின் டி1 அளவு மீறிப் பெருகும்போது அது பி21, அதையொத்த பி27 ஆகியவற்றைத் தன்னோடு ஈர்த்துக்கொண்டு சிடிகே2-வை விடுவிக்கவும் செய்கிறது என்பதுதான். மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் சைக்ளின் டி1 மிகையாக உள்ளது. அவற்றில் பலவற்றில் ஆர்பி மரபணு பழுதின்றியே இருக்கிறது. புரதம் செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கிறது, அவ்வளவே. 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பால்போசிக்லிப் என்னும் மருந்து சிடிகே4, சிடிகே6 நொதிகளைத் தடுத்து ஆர்பியை மீண்டும் வேலைக்குக் கொண்டுவருகிறது. ஆர்பியே இல்லாத கட்டியில் அம்மருந்துக்கு வேலை இல்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். பி16 ஒரு நொதியைத் தடுப்பதால் வேதியியல் நோக்கில் ‘தடுப்பான்’. அதை இழந்தால் புற்று உருவாக வழி ஏற்படுவதால் நம் விவாதத்துக்குரிய வகையிலும் சேர்கிறது. பால்போசிக்லிப் தடுப்பான் மட்டுமே, இவ்வகையைச் சேர்ந்தது அன்று. ஆர்பியோ மரபணுக்களின் படியெடுத்தலை ஒடுக்குவதால் ‘ஒடுக்கி’ என்ற பெயருக்கும் உரியது. அச்சொல் மரபணு ஒழுங்குபாட்டில் முன்பே இடம்பிடித்துவிட்டது. தடுப்பி, அடக்கி, ஒடுக்கி என மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால், ‘பி16 என்னும் சிடிகே தடுப்பான் ஒரு கட்டித் தடுப்பி’ என்பதுபோல் யாருக்கும் விளங்காத வாக்கியம்தான் கிடைக்கும்.

ஆகவே ‘புற்றுமறிப்பி’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். மறித்தல் என்பது வருவதை வழியிலேயே நிறுத்துதல். ஆற்றை மறித்து அணை கட்டினார்கள் என்கிறோம். ஆறு அழிவதில்லை, கடந்து போக முடிவதில்லை. ‘தடுப்பி’ என்ற வடிவம் பழகிய நமக்கு ‘மறிப்பி’ அந்நியமாகத் தோன்றாது. முன்பு ஒருவர் ‘கட்டிக்காப்பி’ என்று எழுதியிருந்தார். கட்டிக்காத்தல் என்றால் பேணி வளர்த்தல் என்று தமிழில் பொருள் இருப்பதால், அது கட்டியைச் சீராட்டும் புரதமாகிவிடும்.

பிஆர்சிஏ1-ஐக் கொண்டு இதை மறுக்கலாம். 1994-இல் அடையாளம் காணப்பட்ட அம்மரபணுவின் புரதம், டிஎன்ஏவின் ஈரிழை முறிவுகளைப் பிழையின்றிச் சீராக்குவதையே முதன்மைப் பணியாகக் கொண்டது. ஆர்பியைப் போல் செல் சுழற்சியின் வாயிலில் நிற்பதன்று. ஆனால் ‘சுழற்சிமறிப்பி’ என்று பெயரிட்டிருந்தால்தான் அந்த மறுப்பு செல்லும். மறிக்கப்படுவது புற்று என்னும்போது வாயிலில் நிற்பதும் பழுது பார்ப்பதும் ஒரே பெயரின் கீழ் வரும்.

கட்டி இருக்க ஏன் புற்று என்பது நியாயமான கேள்வி. நரம்பு நார்க்கட்டி நோயில் பழுதுறும் என்எஃப்1 மரபணு இவ்வகையைச் சேர்ந்தது. அங்கே தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதால் ‘புற்று’ என்பது பொருந்தாது. எனினும் பி53 பழுதுறும் இரத்தப் புற்றில் கட்டி என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டில் எந்தக் குறையை ஏற்பது என்றால், மார்பகப் புற்று குறித்த பட்டியலுக்கு முதலாவதை ஏற்கலாம் என்பேன்.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. ஆங்கிலத்தில் மரபணுவின் பெயரைச் சாய்வெழுத்திலும் புரதத்தின் பெயரை நேரெழுத்திலும் அச்சிட்டு வேறுபடுத்துகிறார்கள். தமிழ் அச்சில் அது கைகொடுப்பதில்லை. எனவே புரதத்தைப் ‘புற்றுமறிப்பி’ என்றும், மரபணுவைப் ‘புற்றுமறிப்பி மரபணு’ என்றும் முழுமையாகவே எழுத வேண்டும். தாய் தந்தையரிடமிருந்து வருவது மரபணுவின் பிறழ்ந்த படி. பால்போசிக்லிப் மீட்டெடுப்பது புரதத்தின் செயல். ‘பிஆர்சிஏ1 பழுது’, ‘ஆர்பி பழுது’ என்று மட்டும் எழுதினால் எதைக் குறிக்கிறோம் என்று வாசகருக்குத் தெரியாது.