ஆசிட் வண்டி இறக்கும் இடத்தில் நீங்கள் பார்த்தது என்ன? அனுபவங்களைப் பகிருங்கள்

குடோன் பொறுப்பாளர், பெருந்துறை

பதினான்கு வருடமாக ரசாயனக் குடோனில் வேலை. பெரும்பாலும் திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறைகளுக்குப் போகும் சரக்குதான்: ஹைட்ரோகுளோரிக் ஆசிட், காஸ்டிக் லை (காஸ்டிக் சோடாக் கரைசல்), ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் வெளுப்புக் கரைசல்), பெராக்சைடு, ஹைட்ரோஸ் (சாய வேலைக்குப் போகும் சோடியம் டைதயோனைட் தூள்). கேட்டைத் தாண்டியதும் "விபத்து இல்லாத நாட்கள்" என்று ஒரு போர்டு. அதில் 612 என்று எழுதியிருந்த இரவைப் பற்றித்தான் இதைத் தொடங்குகிறேன்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பத்தரை மணிக்கு மேல் ஆசிட் டேங்கர் வந்தது. வழக்கமாக இறக்கும் ஆள் அன்று ஊருக்குப் போயிருந்தார். வேலைக்கு வந்து மூன்று வாரமே ஆன பையன் ஒருவன் டார்ச் அடித்து, "இங்க மாட்டுங்கண்ணா" என்று ஒரு குழாயைக் காட்டினான். அது ஹைப்போ தொட்டிக்குப் போகும் குழாய். ஆசிட் குழாயும் ஹைப்போ குழாயும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு, ஹோஸ் மாட்டும் கப்ளிங்கும் ஒன்றேதான். பெயர் எழுதிய தகடு துருப்பிடித்துப் போய் மாசக்கணக்கு. அபாயகரமான சரக்குகளுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் யுஎன் எண் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஆசிட் 1789, ஹைப்போ 1791. தாளிலும் அவ்வளவு நெருக்கம்.

ஓட்டுநர் ஹோஸை மாட்டிவிட்டார். வால்வில் கை வைத்தவர் நிறுத்தி, "ஏனுங்க, போன தடவை அந்தப் பக்கம்தானுங்களே மாட்டினோம்?" என்று கேட்டார். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். கால் நடுங்கிவிட்டது.

தொட்டியில் பாதிக்கு மேல் ஹைப்போ இருந்தது. அதில் ஆசிட் விழுந்தால் குளோரின் கிளம்பும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான வாயு, மேலே போகாது, தாழ்வான பக்கம் தேடி ஊர்ந்து போகும். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்வான இடத்தில்தான் வடமாநிலத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்கியிருக்கும் லைன் வீடுகள். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து அட்சிசன் நகரத்தில் இந்தத் தவறு நடந்தே விட்டது. டேங்கரிலிருந்து சல்ஃப்யூரிக் ஆசிட்டை ஹைப்போ தொட்டியில் இறக்கிவிட்டார்கள். 140 பேருக்கு மேல் சிகிச்சை தேடிப் போனார்கள். அங்கேயும் குழாய் வாய்கள் அருகருகே, ஒரே மாதிரி.

மறுநாள் காலை எங்கள் போர்டில் 613 என்று மாற்றி எழுதினார்கள். அந்த ஓட்டுநர் கேட்ட கேள்வி எந்த நோட்டிலும் ஏறவில்லை. அவர் எங்கள் ஆள் இல்லை, அனுப்பிய கம்பெனியின் ஆளும் இல்லை. அவருக்குப் பாராட்டு எழுதக்கூட ஒரு கட்டம் இல்லை. அது இன்றுவரை என்னை உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி எழுதப்படாமல் போனவை இருக்கும். சொல்லுங்கள்.

டேங்கர் ஓட்டுநர், சங்ககிரி

அண்ணா, உங்கள் இடத்தில் யாரும் அடிபடவில்லை. அடிபட்டவர் கதை ஒன்று சொல்கிறேன்.

அபாயகரமான சரக்கு ஓட்டுவதற்கு மூன்று நாள் பயிற்சி முடித்து உரிமத்தில் பதிவு வாங்க வேண்டும் என்பது 1989 மோட்டார் வாகன விதி. நான் முடித்திருக்கிறேன், புதுப்பிக்கும்போதெல்லாம் போய் உட்கார்ந்தும் வருகிறேன். என்னோடு வரும் கிளீனருக்கு யாரும் ஒரு மணி நேரம்கூட எதுவும் சொல்லித் தந்ததில்லை. போகிற இடத்தில் ஹோஸ் பிடிக்கும் லோடுமேனுக்கும் அப்படித்தான்.

கரூர்ப் பக்கம் ஒரு பட்டறை. காஸ்டிக் லை இறக்கினோம். முடிந்ததும் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே அழுத்தம் மிச்சம் இருந்திருக்கிறது. லோடுமேன் கப்ளிங்கைத் திருப்பிய உடனே முகத்தில் பீய்ச்சியது. ஐம்பது வயது மனிதர். கண்ணாடி கிடையாது, தலைப்பாகைத் துண்டுதான். ஆசிட் என்றால் உடனே எரியும், ஆள் கத்துவார். காஸ்டிக் அப்படி இல்லை. முதலில் சோப்பு மாதிரி வழுவழுப்பாக இருக்கும், அதற்குள் கண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிடும். குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் அதற்கும் மேல், விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். இறக்கும் இடத்தில் குழாயே இல்லை. என் கேபினில் இருந்த குடிதண்ணீர்க் கேன் முழுவதையும் அவர் கண்ணில் ஊற்றினேன், இமையை விரல் வைத்துத் திறந்துகொண்டு. அப்புறம் கேன்டீன் தொட்டிக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனோம்.

ஒரு கண்ணில் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. பட்டறை மேனேஜர், "அவரு எங்க ரோல்ல இல்லீங்க, மண்டிக்காரங்க அனுப்பின ஆளு" என்றார். டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கேட்டால், "நம்ம வண்டில அடிபடல, அவங்க எடத்துலதான" என்றார்கள். சரக்கு அனுப்பிய கம்பெனிக்கு விஷயமே போகவில்லை. மூன்று இடத்திலும் அந்த மாத அறிக்கையில் விபத்து பூஜ்யம் என்றுதான் போயிருக்கும்.

இன்னொன்று. வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும், சரக்கின் பெயர், யுஎன் எண், போன் நம்பரோடு. போன லோடு சல்ஃப்யூரிக், இந்த லோடு காஸ்டிக் என்றால் 1830-ஐ எடுத்துவிட்டு 1824 மாட்ட வேண்டும். மாற்றாமல் கிளம்பச் சொன்ன இடங்கள் உண்டு. பலகை மாறும்வரை சாவி போட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். லட்சுமி நகர் பைபாஸில் கவிழ்ந்தால் தீயணைப்புக்காரர்கள் அந்தப் பலகையைப் பார்த்துத்தானே பக்கத்தில் வருவார்கள்?

வெல்டிங் பட்டறை, திருச்செங்கோடு

வண்டி எங்களிடம் வரும்போது காலி வண்டி. அதுதான் ஆபத்து.

கெட்டியான சல்ஃப்யூரிக் ஆசிட் சாதா இரும்புத் தொட்டியை அவ்வளவாகத் தின்னாது. இரும்பின் மேல் ஒரு படலம் கட்டிக் காப்பாற்றிக்கொள்ளும். கழுவுகிறேன் என்று கொஞ்சம் தண்ணீர் விட்டால் மிச்சமிருக்கும் ஆசிட் நீர்த்துப் போகும், அப்போதுதான் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும், ஹைட்ரஜன் வரும். அதற்கு வாசனை கிடையாது. மூடியைச் சாத்தி வெயிலில் நிறுத்திவிட்டு, "கழுவியாச்சுண்ணா, ஒட்டுப் போட்டுக் குடுங்க" என்று கொண்டு வருவார்கள்.

என் குருநாதர் அப்படி ஒரு தொட்டி மேல் ஏறி டார்ச்சைப் பற்றவைத்தார். நான் கீழே ராடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், வயது பத்தொன்பது. சத்தம் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. மேன்ஹோல் மூடி பக்கத்துப் பட்டறைக் கூரையைக் கிழித்துக்கொண்டு போய் விழுந்தது. அவர் பதினோரு நாள் இருந்தார்.

இப்போது என் பட்டறையில் ஆசிட் வண்டி என்றால் முழுத் தொட்டியும் தண்ணீர் நிரப்பி வடித்து, மூடியெல்லாம் திறந்து வைத்து, வாயு மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் நெருப்பு. ஒரு நாள் கூட ஆகும். பக்கத்துப் பட்டறையில் இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறார்கள் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். போகட்டும்.

சாயப்பட்டறை ஸ்டோர், திருப்பூர்

நான் ஸ்டோரில் எடை போட்டுக் கொடுக்கும் பெண். ஹைட்ரோஸ் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன்.

கூரைத் தகரத்தில் மழை ஒழுகி, மூடி சரியாக மூடாத டிரம்மில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் புகை, தீக்குச்சி உரசின மாதிரி நெஞ்சை அடைக்கும் நாற்றம். ஹெல்பர் பையன் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு வந்து ஊற்றினான். டிரம் குப்பென்று பிடித்துக்கொண்டது. ஹைட்ரோஸுக்குக் கொஞ்சம் தண்ணீர்தான் எமன். ஒன்று, துளி ஈரம்கூடப் படாமல் வைக்க வேண்டும், இல்லை தீப்பிடித்துவிட்டால் தூரத்தில் நின்று ஹோஸ் வைத்து வெள்ளமாக அடிக்க வேண்டும். இதை எங்களுக்குச் சொன்னவர்கள் அன்று வந்த தீயணைப்புக்காரர்கள். அதற்கு முன் ஏழு வருடம் ஈரக் கையோடு அதே டிரம்மில் அள்ளியிருக்கிறேன்.

அந்தப் பையனுக்கு மூன்று நாள் இருமல் நிற்கவில்லை. "காய்ச்சல்" என்று லீவு எழுதச் சொன்னார்கள். நான்தான் எழுதினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு அப்பா, கோவை

ரசாயனத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. 2025 ஜனவரி 3-ஆம் தேதி அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்தபோது என் பெண்ணின் பள்ளிக்கும் லீவு விட்டார்கள். 18 டன் கேஸ், தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வண்டியின் ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை, எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் அன்று எனக்குத் தோன்றவே இல்லை. மேலே சங்ககிரி அண்ணன் எழுதியதைப் படித்த பிறகுதான் தோன்றுகிறது.

குடோன் பொறுப்பாளர், பெருந்துறை

திருப்பூர் அம்மிணிக்கு: நீங்கள் எழுதியது பெரிய விஷயம். அந்தப் பையன் இன்னும் அங்கே இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், டாக்டரிடம் ஹைட்ரோஸ் புகை என்றே சொல்லட்டும்.

எங்கள் இடத்தில் என்ன மாறியது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: ஆசிட் குழாய்க்கு இரண்டு அங்குலம், ஹைப்போவுக்கு ஒன்றரை அங்குலம் கப்ளிங். தப்பாக மாட்டினால் ஏறவே ஏறாது. இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு, சாவி ஷிப்ட் சூப்பர்வைசர் இடுப்பில். இறக்கும் இடத்திலிருந்து பத்துக் காலடியில் கண் கழுவும் குழாய், தினமும் காலையில் திறந்து பார்ப்பது செக்யூரிட்டி வேலை. கேட் நோட்டில் ஓட்டுநர், கிளீனர், லோடுமேன் பெயருக்குப் பக்கத்தில் "இன்று என்ன பார்த்தீர்கள்?" என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். எழுதத் தெரியாதவர் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். போன மாதம் அதில் வந்தது ஒன்பது. அதில் ஆறு, மூன்றாம் நம்பர் தொட்டி வால்வில் கசிவு என்று ஆறு வெவ்வேறு ஓட்டுநர்கள் சொன்னது. நாங்கள் தினம் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறோம். நேற்று கேஸ்கெட் மாற்றினோம்.

சங்ககிரித் தம்பி, அந்த லோடுமேன் எந்த ஊர் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். போய்ப் பார்க்க வேண்டும்.