மறுமொழி: ‘தியாகி’ வேண்டாம், ‘சாட்சி’ இருக்கட்டும்

ஐயா,

தொடக்கத் திருச்சபை வரலாற்று மொழிபெயர்ப்புக்கு நீங்கள் அனுப்பிய சொற்பட்டியலில் ‘மார்ட்டர்’ (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்) என்பதற்குத் ‘தியாகி’ என்று போட்டிருக்கிறீர்கள். வேண்டாமே. தியாகி என்றதும் நமக்கு நினைவு வருவது விடுதலைப் போராட்டமும் பென்ஷனும்தான். கிரேக்க ‘மார்த்துஸ்’ முதலில் சாவைக் குறித்த சொல்லே அல்ல. வழக்கில் வந்து சொல்லும் சாட்சி.

வேர்ச்சொல் பார்த்து அடம் பிடிக்கவில்லை. அப்போஸ்தலர் பவுலைப் பற்றிய அத்தியாயத்திலேயே இது இடிக்கும். ரோமில் வாடகை வீட்டில் அவர் இரண்டு ஆண்டு இருந்ததோடு புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் நூல் முடிந்துவிடுகிறது. அவர் செத்த கதை அதில் இல்லை. பிறகு கி.பி. 96 வாக்கில் ரோமத் திருச்சபையிலிருந்து கொரிந்துத் திருச்சபைக்குப் போன, கிளெமெந்து எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம்: மேற்கின் எல்லை வரை போனார், ஆள்வோர் முன் ‘மார்த்துரேசாஸ்’ (‘மார்த்துஸ்’ஸோடு உறவுடைய வினைச்சொல்), அப்படியே உலகை விட்டு நீங்கினார். அந்த எல்லை ஸ்பெயினா, ரோமேதானா என்று இன்றும் சண்டை. (ஸ்பெயினுக்குப் போகும் எண்ணத்தை ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுலே சொல்கிறார்.) வினைச்சொல் அதைவிடச் சிக்கல். சாட்சி சொன்னார் என்பதா, சாட்சியாய்ச் செத்தார் என்பதா? ‘தியாகியானார்’ என்றால் கிளெமெந்து திறந்து வைத்ததை நாம் பூட்டிவிடுகிறோம். ‘சாட்சி பகர்ந்து’ என்றால் கிரேக்கம் எவ்வளவு மழுப்புகிறதோ அவ்வளவே தமிழும் மழுப்பும்.

உயிர்விட்டவரை மட்டும் சொல்ல இரத்தசாட்சி, வேதசாட்சி, மறைசாட்சி எல்லாம் புழக்கத்தில் உண்டு. என் ஓட்டு இரத்தசாட்சிக்கு.

உண்மையில் சொல் இல்லாதது ‘கன்பெசர்’க்குத்தான்: வதைபட்டும் மறுதலிக்காமல், உயிரோடு மிஞ்சியவர். கி.பி. 177இல் இன்றைய பிரான்சிலுள்ள லியோனில் விலங்குகளிடம் விடப்பட்டு, சூட்டுக் காயத்தோடு மறுபடி சிறைக்கு வந்தவர்களை யாராவது ‘மார்த்துஸ்’ என்றால் அவர்களே கடிந்துகொண்டார்களாம். அந்தப் பெயர் கிறிஸ்துவுக்கும் இறந்துபோனவர்களுக்கும் உரியது, நாங்கள் எளிய ‘ஹோமொலொகோய்’ (விசுவாசத்தை அறிக்கையிட்டவர்கள்) என்றார்களாம். கலைச்சொல் விவாதம் சிறைக்குள்ளேயே நடந்திருக்கிறது! ‘வாய்ச்சாட்சி’ எனலாமா?

மறுமொழி 2:

வாய்ச்சாட்சி என்றால் வாய்ச்சொல் வீரர் மாதிரி ஒலிக்கிறது அண்ணா. சூடுபட்டு வந்தவரை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ‘அறிக்கையாளர்’ என்றால் பத்திரிகைக்கு அறிக்கை விடுகிறவர். நம் பழைய கத்தோலிக்கர் துணிச்சல்காரர்கள், பெயர்களையே மொழிபெயர்த்தார்கள்: ஸ்தேவான் என்றால் மகுடம், அதனால் முடியப்பர், பவுல் என்றால் சிறியவர், அதனால் சின்னப்பர். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்: ‘வடுச்சாட்சி’?

மறுமொழி 3:

வடுச்சாட்சி பிடித்திருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம ஆட்சியாளர்கள் கிறிஸ்தவர்களை வலக்கண் பிடுங்கி, இடக்கால் முடமாக்கிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்களே, அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. காயமில்லாமல் நாடுகடத்தலோடு தப்பியவருக்கு வடு ஏது என்று ஒருவர் கேட்கத்தான் போகிறார், கேட்கட்டும். பட்டியலில் கேள்விக்குறியோடு ஏற்றியிருக்கிறேன். கிளெமெந்து வரியை ‘சாட்சி பகர்ந்து’ என்று திருத்திவிட்டேன்.