நாளைய ஆறாவது ஆட்டம்: மகனுக்காகக் கேட்கிறேன்

அண்ணாமார், அக்காமார், ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் ரசிகர்கள் யாராவது ஒரு வழி சொல்லுங்கோ. முதலில் நாலு ஆட்டம் வெல்கிற அணிக்குத்தான் தொடர்; ஒட்டாவாவோடு 3-0 என்று முன்னுக்கு நின்ற தொடர் இப்போது 3-2. நாலாவது ஆட்டம் மேலதிக நேரத்தில் போனது, சரி பரவாயில்லை என்று இருந்தால் நேற்று எங்கள் ரொறன்ரோவிலேயே 4-0 என்று தோல்வி. பத்து வயது மகன் ஆட்டம் முடிய முன்னமே ஜெர்சியைக் கழற்றி, லீஃப்ஸ் வீரர் மத்தியூஸின் 34ஆம் இலக்கம் உள்பக்கம் போக மடித்து, அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். இரவு முழுக்க நித்திரை இல்லை.

எனக்கும் நெஞ்சு படபடக்கிறது. 2013இல் பொஸ்டனோடு ஏழாவது ஆட்டத்தில் 4-1 என்று நின்று தோற்றதையும், 2021இல் மொன்றியலிடம் 3-1இலிருந்து தொடரை விட்டதையும் பார்த்தவன் நான், அவனிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. 2023இல் டாம்பாவோடு ஆறாவது ஆட்டத்தில் எங்கள் வீரர் தவாரெஸ் மேலதிக நேரத்தில் அடித்த வெற்றிக் கோலை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறேன்.

நாளை ஒட்டாவாவில் ஆட்டம். நாங்கள் இரண்டு பேரும் தனியே இருந்து பார்த்தால் தாங்கமாட்டோம். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கிற குடும்பம் இருந்தால் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கோ, ரோல்ஸ் நான் கொண்டு வருகிறேன். மற்றது, இந்த வயதுப் பிள்ளையை இப்படி நேரத்தில் எப்படி ஆற்றினீர்கள் என்றும் எழுதுங்கோ.