கேம் கன்சோலை நஷ்டத்துக்கு விக்கிறாங்களாமே, நிஜமா?

காட்பாடி_கேமர்:
பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5, சோனியோட கன்சோல்) வாங்க காசு சேத்துக்கிட்டிருக்கேன். 2021 பிப்ரவரியில இந்தியாவுக்கு வந்தப்ப டிஸ்க் போட்டு ஆடற மாடல் 49,990 ரூபா, டிஸ்க் போட முடியாம ஆன்லைன் ஸ்டோர்லயே கேம் வாங்கற டிஜிட்டல் மாடல் 39,990. 2022 நவம்பர்ல டிஸ்க் மாடலை 54,990 ஆக்கிட்டாங்க. பழசானா விலை இறங்கணும், இங்க ஏறுது! கேட்டா, "கம்பெனியே நஷ்டத்துலதான் விக்குது"ங்கறான் ஹாஸ்டல்ல ஒருத்தன். அப்ப நான் ஒன்னு வாங்கி ஒரு கேம்கூட வாங்காம விட்டா அவங்களுக்கு நஷ்டமா?

ராணிப்பேட்டை_காஸ்டிங்:
நான் ஷூ கம்பெனியில காஸ்டிங், அதாவது ஒரு ஜோடிக்கு என்ன செலவுன்னு கணக்கு, பாக்கறவன்ப்பா. மேல்தோல் எத்தனை சதுர அடி, கட்டிங்ல கழிவு எவ்வளவு, லைனிங், சோல், லேஸ், அட்டைப்பெட்டி வரைக்கும் கூட்டி, மேல மார்ஜின் வெச்சாதான் முதலாளி கையெழுத்து போடுவார். ஷூ வித்துட்டா அதோட சரி. நீ நடக்கற அடிக்கெல்லாம் எங்களுக்குத் துட்டு வராது. கன்சோல்காரனுக்கு வரும். அவன் ஸ்டோர்ல போற கேம்ல சுமார் 30 சதவீதம் அவனுக்கு.

அந்த தைரியத்துலதான் 2006ல சோனி பிஎஸ்3ய இறக்குச்சு. ஐசப்ளைங்கற நிறுவனம் பிரிச்சுப் போட்டுப் பாத்தா, 60 ஜிபி மாடலுக்கு செலவே சுமார் 840 டாலர். வித்தது 599க்கு. அதுல இருந்த செல்ங்கற சிப்பும், ப்ளூரே டிஸ்க் படிக்கற டிரைவும் அப்ப யானை விலை. அதே வருஷம் போட்டிக் கம்பெனி நின்டென்டோ சாதாரண சிப்பைப் போட்டு வீ (Wii)ங்கற கன்சோலை 249 டாலருக்கு வித்து, மொதல்ல இருந்தே லாபம் பாத்தான்.

உன் குறும்பை அமெரிக்க விமானப்படை எப்பவோ பண்ணிடுச்சு. 1,700க்கு மேல பிஎஸ்3 வாங்கி, ஒன்னோட ஒன்னு இணைச்சு 2010ல சூப்பர் கம்ப்யூட்டர் ஆக்கிட்டாங்க. கேம் எங்க வாங்கப் போறாங்க!

ஹாஸ்டல் பையன் சொன்னது இப்ப பாதிதான் சரி. அமெரிக்காவுல அப்ப 499 டாலருக்கு வித்த டிஸ்க் பிஎஸ்5ல நஷ்டம் நின்னுடுச்சுன்னு 2021 ஆகஸ்ட்லயே சோனி சொல்லிடுச்சு. தன்னோட எக்ஸ்பாக்ஸ் கன்சோலை வித்து லாபமே பாத்ததில்லைன்னு அதே வருஷம் கோர்ட்ல சாட்சி சொன்னது மைக்ரோசாஃப்ட்.

விலை ஏன் இறங்கலன்னா, முன்னெல்லாம் சிப்பு சின்னதாக ஆக ஒரே சிலிக்கான் தகட்டுல நிறைய வெட்டலாம். பிஎஸ்2 299 டாலர்ல ஆரம்பிச்சு 2009ல 99க்கு வந்தது அப்படித்தான். இப்ப அந்தத் தகடு விலையே ஏறுது. நமக்கு டாலர் ஏத்தம் வேற.

காந்தி_ரோடு_கடை:
தம்பி, வந்தப்ப 10,000 கம்மியா இருந்துச்சே, வெல கம்மிதானேன்னு டிஜிட்டலை எட்த்துடாத. டிஸ்க்குன்னா ஆடி முடிச்சு எங்கள மாதிரி கடையில தள்ளிடலாம். டிஜிட்டல்ல, டிரைவ் தனியா வாங்கி மாட்டலன்னா, அவன் ஸ்டோரை வுட்டா வேற வழி கிடையாது, மிச்சம் பண்ண துட்டு அங்கதான் போவும். 2023ல வந்த பிஎஸ்5 ஸ்லிம் மாடலுக்குத் தனியா வித்த டிஸ்க் டிரைவே அமெரிக்காவுல அப்ப 80 டாலர்தான்; அந்த 10,000 அதவிட ஜாஸ்தி, ஸ்டோர்ல புடிச்சுக்கலாம்னுதான் அவ்ளோ கொறச்சான்.

காட்பாடி_கேமர்:
ஸ்டோர்ல ஆஃபர் போடறாங்களே அண்ணே?

காந்தி_ரோடு_கடை:
போடுவான், பழைய கேமுக்கு. புதுசு வர்ற வாரம் போய்ப் பாரு.

காட்பாடி_கேமர்:
சரிண்ணே, டிஸ்க்கே எடுக்கறேன். செமஸ்டர் முடிஞ்சதும் வர்றேன், கிரிக்கெட் டிஸ்க் எதாச்சும் வந்தா எடுத்து வைங்க.