ஸ்பெயினுக்குத் தொழிற்பயிற்சிக்குப் போறீங்களா? ஜெர்மனியைக் கொஞ்சம் கழட்டி வச்சிட்டுப் போங்க

ஜெர்மனியில அவுஸ்பில்டுங் (சம்பளத்தோட தொழிற்பயிற்சிப் படிப்பு) படிக்கிற தம்பி தங்கச்சிங்க ரெண்டு மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கீங்க. "ஸ்கூல்ல எராஸ்மஸ் பிளஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தோட கல்விப் பரிமாற்றத் திட்டம்) மூலமா நாலு வாரம் ஸ்பெயினுக்கு அனுப்புறாங்களாம். போகலாமா? என்ன தயார் பண்ணணும்?" ஆளுக்கு ஒரு பதில் எழுதாம இங்கயே மொத்தமா சொல்லிடுறேன்.

போங்க. நான் சமையல் படிப்புல ரெண்டாம் வருஷம் செவியாவுக்குப் போனேன். செவில்னு இங்கிலீஷ்ல சொல்ற அதே ஊர்தான். மே மாசக் கடைசியில போய் ஜூன் முழுக்க ஒரு ஓட்டல் கிச்சன்ல நின்னேன். நான் பண்ணின தப்பு ஒண்ணுதான். ரெண்டு வருஷமா கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்ட ஜெர்மன் நடைமுறையை அப்படியே அங்க கொண்டு போயிட்டேன். அங்க எனக்குக் கைகொடுத்தது அது இல்ல, ஊர்ல இருந்து கொண்டு வந்ததுதான்.

முதல்ல காகித வேலை. அதுதான் எல்லாருக்கும் பயம்.

அவுஸ்பில்டுங் காலத்துல நாலுல ஒரு பங்கு வரைக்கும் வெளிநாட்டுல பயிற்சி எடுக்கலாம்னு ஜெர்மன் சட்டத்துலயே இருக்கு. அந்த நாட்களும் உங்க படிப்புல சேர்த்திதான். மாசச் சம்பளம் நிக்காது, பெரிஷ்ட்ஸ்ஹெஃப்ட் (பயிற்சிக் குறிப்பேடு) எழுதுறதும் நிக்காது. எராஸ்மஸ்ல குறுகிய காலப் பயிற்சின்னா 10 நாள்ல இருந்து 89 நாள் வரைக்கும். அதுக்கு முன்னாடி நீங்க, ஸ்கூல், அங்க எடுத்துக்கிற நிறுவனம்னு மூணு தரப்பும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். என்ன வேலை, எந்தப் பிரிவு, யார் உங்க டியூட்டர்னு அதுல தெளிவா இருக்கணும். "சமையலறை உதவி"ன்னு மொட்டையா எழுதியிருந்தா மாத்தச் சொல்லுங்க. இல்லேன்னா நாலு வாரமும் உருளைக்கிழங்கு உரிச்சிட்டு வருவீங்க.

நாம இந்தியப் பாஸ்போர்ட், அதனால இன்னொண்ணு. ஜெர்மன் வதிவிட அட்டையை வச்சு மத்த ஷெங்கன் நாடுகள்ல 180 நாளுக்குள்ள 90 நாள் தங்கலாம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அது போய்வர்றதுக்கான விதி. பயிற்சின்னு வந்துட்டா அதை வேலைன்னு பார்க்கலாம். அதனால வெளிநாட்டவர் அலுவலகத்துலயும் ஸ்பெயின் தூதரகத்துலயும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க. "எங்க பசங்க எல்லாம் போயிருக்காங்க"ன்னு ஸ்கூல்ல சொல்லுவாங்க. அந்தப் பசங்க கையில இருந்தது ஜெர்மன் பாஸ்போர்ட். கிளம்பும்போது அட்டையோட பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கணும், அட்டை மட்டும் பத்தாது.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் அட்டையைத் திருப்பிப் பாருங்க. அரசுக் காப்பீடுன்னா பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை. போன்ல ரோமிங் தனியா கட்ட வேண்டியதில்ல, 2017ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள உங்க பிளானே ஓடும். காகிதம் அவ்வளவுதான்.

இனி நேரம். இதுதான் முதல் வாரம் ஆளை அடிச்சுப் போடும். என்னோட ஷிஃப்ட் காலை 11ல இருந்து மாலை நாலரை, திரும்ப ராத்திரி எட்டுல இருந்து பன்னெண்டு. மதியச் சாப்பாடு ரெண்டு மணிக்கு மேல, ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு மேல. ஆறு மணிக்கே ஆபெண்ட்ப்ரோட் (ஜெர்மன்காரங்களோட ராத்திரி ரொட்டிச் சாப்பாடு) சாப்பிட்டுப் பழகின வயிறு கத்தும். சோம்பேறி ஊர்னு ஜெர்மன்காரங்க கிண்டல் பண்ணுவாங்க, நம்பாதீங்க. 1940 மார்ச்ல சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க, அப்புறம் திருப்பி வைக்கவே இல்ல. அதுக்கு மேல கோடைக்கால ஒரு மணி நேரம் வேற. அதனால ஜூன்ல செவியாவுல சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய 2:25 காட்டும். அவங்க ரெண்டரைக்குச் சாப்பிடுறது நம்ம உச்சிவேளைச் சாப்பாடுதான், கடிகாரம்தான் பொய் சொல்லுது. இடையில காலை பத்தரை பதினொண்ணுக்குத் தக்காளி தடவின டோஸ்ட்டும் காபியும் உண்டு. அதைத் தவறவிடாதீங்க, மதியம் வரைக்கும் தாங்குறது அதாலதான். சாயங்காலம் அந்த மூணரை மணி நேரத்துல ஊர் சுத்துறேன்னு கிளம்பாதீங்க. நாப்பது டிகிரி வெயில்ல தெருவுல நடக்குறது டூரிஸ்ட் மட்டும்தான். ஜன்னல் ஷட்டரை இறக்கிட்டுப் படுங்க. மதுரைக்காரனுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா என்ன.

மொழிக்கு வர்றேன். எராஸ்மஸ்ல இலவச ஆன்லைன் மொழிப் பாடம் தருவாங்க, அதை முடிச்சிட்டுத்தான் போனேன். முதல் நாள் ஒரு வார்த்தை புரியல. புத்தகத்துல பெஸ்காதோ (மீன்)ன்னு படிச்சது அங்க "பெஹ்காவ்"னு வருது. "மாஸ் ஓ மேனோஸ்" (ஏறத்தாழ) "மா ஓ மேனோ" ஆகுது. செவியா இருக்கிற ஆண்டலூசியாவுல கடைசி மெய்யை முழுங்கிடுவாங்க. கூட வந்த ஜெர்மன் பையன் நொந்துபோயிட்டான். எனக்கு ரெண்டு நாள்ல பிடிபட்டுச்சு. "வந்துகொண்டிருக்கிறேன்"னு எழுதிட்டு "வந்துட்ருக்கேன்"னு பேசுற ஜாதி நாம, எழுத்துக்கும் பேச்சுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்தைத் தாண்ட யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். உச்சரிப்பும் நமக்கு லேசு. "நாதா" (ஒண்ணுமில்ல)ங்கிற சொல்லுல வர்ற த, நம்ம "பாதை"யில வர்ற அதே மெல்லிய த. பெரோன்னா "ஆனா", பெர்ரோன்னு நாக்கை உருட்டினா நாய். ரெண்டு ர வித்தியாசம் காதுல விழாம ஜெர்மன்காரங்க படுற பாடு நமக்கு இல்ல.

ஆனா பேசுற முறையில நான் சறுக்கினேன். ஜெர்மனியில ஒவ்வொண்ணுக்கும் பிட்டே, டாங்கேன்னு பழகி, காபிக் கடையில "தயவுசெய்து எனக்கு ஒரு காபி கிடைக்குமா, மிக்க நன்றி"ன்னு ஸ்பானிஷ்ல ஒப்பிச்சேன். கடைக்காரர் என்னை ஏதோ நாடகக்காரன் மாதிரி பார்த்தார். அங்க சொல்றது "போன்மே உன் கஃபே". வார்த்தைக்கு வார்த்தை "எனக்கு ஒரு காபி போடு". நம்ம டீக்கடையில சொல்ற அதே "போடு"! அதுல மரியாதைக் குறைவு இல்ல, குரல்லதான் மரியாதை. கடையை விட்டுக் கிளம்பும்போது திரும்பப் பார்க்கவே போறதில்லைன்னாலும் "ஆஸ்தா லுவேகோ" (அப்புறம் பார்க்கலாம்)ன்னுதான் சொல்லணும். "போறேன்"னு சொல்லாம "போயிட்டு வர்றேன்"னு சொல்ற வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது தன்னால வரும். செவியாவுல காய்கறி விக்கிற பாட்டி உங்களை "மி ஆர்மா"ன்னு கூப்பிடும். "என் உயிரே"ன்னு அர்த்தம். பதறாதீங்க, நம்ம ஊர்க் "கண்ணு", "ராசா"தான் அது.

நமக்கு ஒத்துவராதது ரெண்டு. ஒண்ணு, செஃப்பை "சார்"னு கூப்பிடுற பழக்கம். அங்க ஐம்பது வயசு ஆளையும் பேர் சொல்லி, நீ போட்டுத்தான் பேசணும். எனக்குக் கடைசி வரைக்கும் நாக்கு கூசுச்சு. இன்னொண்ணு தலையாட்டல். முதல் நாள் மதியம் கூட்ட நேரத்துல செஃப் ஏதோ கத்தினார். குரோக்கெட்டா (பொரிச்ச உருண்டை)ன்னு மட்டும் காதுல விழுந்துச்சு. நான் நம்ம ஊர்ப் பாணியில தலையைப் பக்கவாட்டுல ஆட்டிட்டு வேலையைப் பார்த்தேன். மறுபடி கத்தினார். மறுபடி ஆட்டினேன். மூணாவது தடவை மொத்தக் கிச்சனும் திரும்பிப் பார்த்துச்சு. பாத்திரம் கழுவுற இடத்துல நின்ன அக்கா ஈரக் கையோட வந்து என் காதுகிட்ட "ஓயீதோ! ஓயீதோ சொல்லு!"ன்னாங்க. "கேட்டுச்சு"ன்னு அர்த்தம். ஆர்டர் சொன்னதும் அந்த வார்த்தையைத் திருப்பிக் கத்தலைன்னா, ஆர்டர் உங்க காதுல விழலைன்னு எடுத்துக்குவாங்க. அவங்க கண்ணுக்கு நான் மூணு தடவை "முடியாது"ன்னு தலையாட்டியிருக்கேன்! கிச்சனுக்குப் போறவங்க இந்த வார்த்தையையும், சூடான சட்டியோட யார் பின்னாடியாவது போகும்போது சொல்ற "கேமோ"வையும் (சுடும்) முதல்ல மனப்பாடம் பண்ணுங்க.

அடுத்து பேர். அங்க எல்லாருக்கும் ரெண்டு குடும்பப் பேர், வழக்கமா முதல்ல அப்பா வழி, அடுத்து அம்மா வழி. கல்யாணத்துக்கு அப்புறமும் பெண்கள் பேரை மாத்துறதில்ல. எந்த ஃபாரமா இருந்தாலும் "ப்ரிமேர் அபெயீதோ", "செகுந்தோ அபெயீதோ"ன்னு ரெண்டு கட்டம் இருக்கும். எனக்கு பாஸ்போர்ட்ல சர்நேமே காலி, ஊர்ல வெறும் இனிஷியல். அரசாங்கக் காகிதம், டிக்கெட், ஒப்பந்தம் எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல இருக்கிறபடிதான் இருக்கணும், அங்க சொந்தமா எதையும் நிரப்பாதீங்க. ஆனா கிச்சன் சுவத்துல ஒட்டுற ஷிஃப்ட் தாளுக்கு அப்படி எந்த விதியும் இல்ல. எழுதினவர் அப்பா பேரைக் கேட்டார், சொன்னேன். "அம்மா பேர்?" அதுவும் சொன்னேன். என் பேருக்குப் பின்னால ரெண்டையும் எழுதிட்டார். பள்ளிக்கூடத்துல இருந்து எந்தத் தாள்லயும் என் பேரோட அம்மா பேர் வந்ததில்ல. போட்டோ எடுத்து அனுப்பினேன், வீட்டு வாட்ஸப் குரூப்ல அப்பாவைத் தவிர எல்லாரும் ஹார்ட் விட்டாங்க.

சாப்பாடு பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. சைவம்னா "வெஹெதாரியானோ"ன்னு மட்டும் சொன்னா பத்தாது, சாலட்ல டூனா வரும், பருப்புல சொரீசோ (பன்னிக்கறி சாசேஜ்) மிதக்கும். "நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்"னு மூணையும் தனித்தனியாச் சொல்லுங்க. ஹமோன், அந்தப் பதப்படுத்தின பன்னித்தொடை, அவங்க கணக்குல கறியிலயே சேராது போல. செவியாவுல தேடிச் சாப்பிட வேண்டியது கொண்டைக்கடலை போட்ட கீரை. சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, பொரிச்ச ரொட்டியை அரைச்சுச் சேர்ப்பாங்க. கண்ணை மூடிக்கிட்டா கீரைக்கூட்டு.

சமைக்கப் போறவங்க மாட்டுக்கறி, பன்னிக்கறி தொட முடியாதுன்னா அதை ஒப்பந்தம் போடும்போதே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிடுங்க. முன்னாடியே சொன்னா மீன் பிரிவுக்கோ இனிப்புப் பிரிவுக்கோ மாத்திவிட வழி இருக்கும். அங்க போய் நின்னுட்டு முகத்தைச் சுளிச்சா நாலு வாரமும் வீண்.

பார்சலோனா, வலென்சியா, பில்பாவோ பக்கம் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க ஸ்பானிஷ் மட்டும் மொழி இல்ல. கத்தலான், வலென்சியன், பாஸ்க்னு அவங்கவங்க மொழி தெருப் பலகையிலயும் இருக்கும். ஃபிராங்கோ காலத்துல அதையெல்லாம் அமுக்கி வச்சிருந்தாங்க. பார்சலோனாவுல "போன் தியா", பாஸ்க் நாட்டுல நன்றிக்கு "எஸ்கெரிக் அஸ்கோ"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க, முகம் மலரும். இது ஏன்னு தமிழனுக்கு விளக்கணுமா?

தங்கச்சி ஒருத்தங்க கன்னத்துல முத்தம் பத்திக் கேட்டிருந்தாங்க. முதல் தடவை பார்க்கும்போது பெண்களோட ரெண்டு கன்னத்துலயும் ஒட்டி ஒட்டி எடுக்குறது அங்க சாதாரணம். வேண்டாம்னா முந்திக்கிட்டுச் சிரிச்சபடி கையை நீட்டிடுங்க. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. தயங்கி நின்னாத்தான் மூக்கோட மூக்கு இடிக்கும்.

கடைசி வாரத்துக்கு ரெண்டு விஷயம். யூரோபாஸ் (வெளிநாட்டுப் பயிற்சியைப் பதிவு பண்ற ஐரோப்பிய ஆவணம்) சான்றிதழுக்கான விவரத்தையும் டியூட்டர் கையெழுத்தையும் கடைசி நாளுக்கு வைக்காதீங்க. கடைசி நாள் எல்லாரும் உங்களை வெளியே இழுத்துட்டுப் போகத்தான் பார்ப்பாங்க, ஆபீஸ்ல ஆள் இருக்காது. எனக்கு ஜெர்மனி திரும்பி ஆறு வாரம் மெயில் அனுப்பித்தான் வந்துச்சு.

இன்னொண்ணு, ஸ்டாஃப் சாப்பாட்டுக்கு நம்ம ஊர் அயிட்டம் ஒண்ணு பண்ணச் சொல்லிக் கேட்பாங்க. நான் ரசம் வச்சேன். கையில மிளகாய்த்தூள் இல்ல, சிவப்பா இருக்கேன்னு அங்க இருந்த பிமென்தோன்ல ரெண்டு ஸ்பூன் தட்டிட்டேன். அது புகை போட்டுக் காயவச்ச குடைமிளகாய்ப் பொடி. அடுப்பு மூட்டின விறகை எடுத்து ரசத்துல முக்கின மாதிரி ஒரு வாசம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவங்க ஆளுக்கு ரெண்டு கிண்ணம் வாங்கி ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுட்டு, மறுநாளும் கேட்டாங்க. ஊர்ல இருந்து நூறு கிராம் மிளகாய்த்தூள் எடுத்துட்டுப் போங்க, ஆனா கால் ஸ்பூனுக்கு மேல போடாதீங்க. அவங்களுக்கு உறைப்பு தாங்காது.