டாகிள் ஸ்விட்சைத் தள்ளும்போது 14 வோல்ட் ஏறுகிறது, எல்எம்317 சப்ளை, உதவி தேவை

சால்டர்புகை:
வணக்கம். வீட்டில் 5 வோல்ட் ப்ளூடூத் போர்டு ஒன்று, 9 வோல்ட் ரேடியோ ஒன்று இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே சப்ளை போதும் என்று, வோல்டேஜை நிலையாக வைக்கும் எல்எம்317 ஐசி வைத்துச் செய்தேன். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஃபில்டர் கெபாசிட்டர் போக ஐசிக்கு 16 வோல்ட் வருகிறது. அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் 240 ஓம். அட்ஜஸ்ட் காலிலிருந்து மூன்று முனை டாகிள் ஸ்விட்சின் நடு முனைக்கு ஒயர் போகிறது. ஒரு பக்க முனையில் 680 ஓமும் 39 ஓமும் சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக), மறுபக்கம் 1.5 கே (1500 ஓம்), இரண்டும் கிரவுண்டுக்கு. ஒரு பக்கம் தள்ளினால் 5, மறுபக்கம் 9, சரியாகவே வருகிறது. ஆனால் பக்கம் மாற்றும் நேரத்தில் மீட்டர் 14 வரை எகிறிவிட்டு இறங்குகிறது. பயந்துபோய் போர்டை இன்னும் மாட்டவில்லை. ஐசி டூப்ளிகேட்டா?

பழைய_வால்வு:
ஐசி மேல் பழி போடாதீர்கள் தம்பி. ஸ்விட்ச் லீவர் நடுவில் நிற்குமா? நிறுத்தி வைத்து மீட்டரைப் பாருங்கள்.

சால்டர்புகை:
நிற்கிறது அண்ணா. நடுவில் வைத்தால் 14.4 அப்படியே நிற்கிறது, இறங்கவே இல்லை.

பழைய_வால்வு:
அதுதான் விஷயம். இந்த ஐசிக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, அவுட்புட் காலை அட்ஜஸ்ட் காலை விட 1.25 வோல்ட் மேலே வைத்திருப்பது. உங்கள் லீவர் நடுவில் நிற்கும்போது அட்ஜஸ்ட் காலுக்குக் கிரவுண்ட் பக்கம் வழியே இல்லை, அது 240 ஓம் வழியாக அவுட்புட்டோடு சேர்ந்து மேலே போகிறது, ஐசி 1.25 வித்தியாசத்தைத் தேடி இன்னும் ஏற்றுகிறது, கடைசியில் இன்புட்டுக்குச் சுமார் ஒன்றரை வோல்ட் கீழே வந்து முட்டி நிற்கிறது. போர்டை மாட்டாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஃபியூஸ்பாண்டி:
நடுவில் நிற்காத இரண்டு நிலை ஸ்விட்ச் கிடைக்கிறதே, அதை வாங்கி மாட்டினால் முடிந்தது. சென்னை ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் இருக்கும்.

பழைய_வால்வு:
முடியாது பாண்டி. சாதாரண டாகிளில் ஒரு முனையை விட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடும், நடுவில் சில மில்லி செகண்டாவது எதையும் தொடாமல் இருக்கும். எல்எம்317-க்கு அவ்வளவு நேரம் தாராளம். அப்புறம், நாலு வருடம் கழித்து காண்டாக்டில் கறுப்புப் படிந்தால்?

தனிமின்தடை:
1.5 கே-வை ஸ்விட்ச் இல்லாமல் நேரடியாகக் கிரவுண்டுக்குச் சால்டர் பண்ணிவிடுங்கள். ஸ்விட்சைப் போட்டால் இன்னொரு 1.5 கே அதற்குப் பேரலலாக (பக்கத்துப் பாதையாக) வரட்டும். சேர்ந்து 750 ஓம், அவுட்புட் 5.16 வோல்ட். திறந்தால் 9-க்கு மேல் போகவே போகாது.

பழைய_வால்வு:
நல்ல யோசனை, 14-ஐ ஒழித்துவிடும். ஆனால் 5-இல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்விட்ச் ஒயர் ஒன்று விட்டுப்போனால் போர்டுக்கு 9 போய்விடுமே. ஸ்விட்ச் கெட்டுப்போனால் வோல்டேஜ் குறைய வேண்டும், கூடக் கூடாது. அதற்கு ஸ்விட்சைக் கிரவுண்ட் பக்கம் வைக்காமல் 240 பக்கம் கொண்டு போங்கள்.

இருக்கிற 240-ஐ அப்படியே விடுங்கள். 680-உம் 39-உம் சேர்ந்த 719-ஐ அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்கு நிரந்தரமாகப் போடுங்கள், அந்த 1.5 கே தேவையில்லை. 1.25 பெருக்கல் (1 + 719/240), சரியாக 5 வோல்ட். இப்போது 220 ஓம் ஒன்றை ஸ்விட்சோடு சீரிஸில் வைத்து, அந்த ஜோடியை 240-க்குக் குறுக்கே கட்டுங்கள். மூடினால் 240-உம் 220-உம் பேரலலில் 115 ஓம் மாதிரி ஆகும், அவுட்புட் 9.1. அட்ஜஸ்ட் காலில் கசியும் 50 மைக்ரோ ஆம்பியர் சொச்சத்தால் இன்னும் 0.04 வோல்ட் கூடும், கண்டுகொள்ள வேண்டாம். ஸ்விட்ச் திறந்தாலும், ஒயர் விட்டாலும், லீவரை நடுவில் நிறுத்தினாலும் 5 தான். எல்லாமே கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும்.

ஸ்விட்சில் நடு முனையும் ஏதாவது ஒரு ஓரமும் போதும். எந்த ஓரம் என்று மீட்டரின் பீப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான டாகிளில் லீவரை மேலே தள்ளினால் கீழ் முனைதான் சேரும், அதனால்தான் பலர் லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிடுகிறார்கள். ஸ்விட்சுக்குப் போகும் ஒயரைக் குட்டையாக வையுங்கள், முழம் முழமாக விட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் 'ம்ம்ம்' சத்தம் ரேடியோவில் கேட்கும்.

சால்டர்புகை:
மாற்றிவிட்டேன் அண்ணா. 5.06, 9.18. படபடவென்று ஆட்டினாலும் 9.18-ஐத் தாண்டவில்லை, நடுவில் நிறுத்தினால் 5.06. போர்டு பாடுகிறது. ஆனால் அரை மணி நேரத்தில் ஐசியைத் தொட முடியவில்லை.

தனிமின்தடை:
16-இல் 5 போக மிச்சம் 11 வோல்ட். போர்டு 0.3 ஆம்பியர் இழுத்தால்கூட 3.3 வாட் வெறும் சூடுதான். சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகத் தகடு, அதாவது ஹீட் சிங்க், கட்டாயம். ஐசியின் முதுகுத் தகடு அவுட்புட் காலோடு சேர்ந்தது, உலோகப் பெட்டியில் நேரடியாக முறுக்கினால் பெட்டி கிரவுண்டில் இருக்கும் பட்சத்தில் ஷார்ட்தான், நடுவில் கரண்ட் கடக்காத மைக்கா வாஷரும், ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் போடுங்கள்.

ஃபியூஸ்பாண்டி:
எல்லாம் சரி, லீவர் 9-இல் இருப்பதைக் கவனிக்காமல் ப்ளூடூத்தைச் சொருகினால்?

பழைய_வால்வு:
அதற்கு எந்த ரெசிஸ்டரும் கைகொடுக்காது. 220-க்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்பு எல்இடி வைக்கலாம் என்று தோன்றும், வைக்காதீர்கள், அங்கே 1.25 வோல்ட்தான் இருக்கிறது, எரியாது. ஆறு முனை ஸ்விட்ச் வாங்கி, மீதி உள்ள மூன்று முனையை அவுட்புட்டுக்குப் பயன்படுத்துங்கள். 5-க்குத் தனி சாக்கெட், 9-க்கு வேறு அளவில் தனி சாக்கெட். லீவர் 9-இல் இருந்தால் 5 சாக்கெட்டுக்குக் கரண்டே போகாது.