மலை மேல சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) கம்மியா காட்டுது, லீக்கா?

சேலத்துக்காரன்:
வணக்கங்க, சேலத்துல பயோமெடிக்கல் சர்வீஸ் பாக்கறேன். ஒரு அனஸ்தீசியா மானிட்டர கடையில வச்சு சரி பண்ணி அளவு சரியான்னு பாக்கற 5% சிஓ2 காலிபரேஷன் கேஸ் விட்டேன், 37 எம்எம் (பாதரச மில்லிமீட்டர்) காட்டுச்சு, சரின்னு வண்டில ஏத்தி 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏற்காட்டுல ஒரு ஆஸ்பத்திரில மாட்டுனா அதே சிலிண்டர்ல 32 தான் வருது. லீக்குன்னு நெனச்சு, மூச்சுக் காத்த மெஷினுக்கு இழுக்கற சாம்பிள் லைன் குழாய மாத்துனேன், அதே 32. அந்த காத்துல வர்ற தண்ணிய புடிக்கற வாட்டர் ட்ராப்பையும் மாத்துனேன், இப்ப 30ன்னு இன்னும் எறங்கிருச்சு! டாக்டர் மொறைக்கறாரு. என்ன பண்ணட்டும்?

பழைய ஸ்பேனர்:
தம்பி மொதல்ல எம்எம்ல பாக்காத, பர்சன்ட்டுக்கு மாத்திப் பாரு. சேலத்துல காத்தழுத்தம் 735 கிட்ட, ஏற்காடு 1500 மீட்டர் ஒசரம், அங்க 635 கிட்ட தான் இருக்கும். 735ல 5% 37, 635ல 5% 32. அதனால 32 லீக் இல்ல, மலை. ஆனா அந்த 30 மலை இல்ல, அது நீ பண்ணுனது.

மயக்க மருந்து மேசை:
அண்ணன் சொல்றது சரி. லைன் நுனிய வெரலால அடைச்சுட்டு ஃப்ளோவ பாருங்க. நிமிஷத்துக்கு 200 மில்லி ஓடுற மெஷின்னா கிட்டத்தட்ட சைபருக்கு வந்து அடைப்பு அலாரம் அடிக்கணும். அடிக்காம 30, 40 ஓடிக்கிட்டே இருந்தா பம்ப் எங்கயோ வெளிக்காத்த இழுக்குதுன்னு அர்த்தம். அப்புறம் லைன கழட்டிட்டு ட்ராப் வாயிலயே அடைங்க, அப்பவும் ஓடுனா லீக் ட்ராப்புல, இல்லன்னா மெஷினுக்கு உள்ள. சிரிஞ்ச்ல காத்தடிச்சு டெஸ்ட் பண்றவங்கள பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேணாங்க, உள்ள இருக்கற சென்சார் போயிடும். கேஸ் விடறப்பயும் டி கனெக்டர் போட்டு ஒரு வாய தொறந்து விடுங்க.

இன்னொன்னு, வென்டிலேட்டர்ல இருக்கற பேஷண்ட்டுக்கு லீக் இருந்தா ஸ்க்ரீன்ல ஓடுற சிஓ2 அலையிலயே தெரியும். மேல தட்டையா, கம்மியா போயிட்டே இருந்து கடைசில ஒரு சின்ன கொம்பு மாதிரி எழும்பும். அடுத்த மூச்ச மெஷின் தள்றப்ப லைன்ல அழுத்தம் ஏறி வெளிக்காத்து உள்ள வர்றது நிக்குது, அந்த ஒரு நொடி கலக்காத கேஸ் சென்சாருக்கு போகுது, அதான். எங்க டாக்டருங்க இத பாத்தா ஒடனே லைன் கனெக்ஷன தான் திருகுவாங்க.

சேலத்துக்காரன்:
அண்ணா நீங்க சொன்னது அப்படியே இருக்குங்ணா. பர்சன்ட்ல 4.7. நுனிய அடைச்சும் 40 ஓடுச்சு, ட்ராப் வாய அடைச்சும் அதே 40. ட்ராப்ப கழட்டுனா ரப்பர் ரிங்குல ஒரு பஞ்சு இழை, என் தொடச்ச துணியோடது தான் போல. எடுத்துட்டு போட்டதும் அடைச்ச ஒடனே அலாரம் கத்துச்சு, கேஸ் விட்டா 5.0, எம்எம்ல 32. டாக்டர்கிட்ட 735, 635 கணக்க சொன்னேன், சிரிச்சாரு.

பழைய ஸ்பேனர்:
எறங்கறதுக்கு முன்னாடி அந்த 32 ஏன்னு மெஷின் மேல ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டு வா, இல்லன்னா அடுத்த மாசம் வேற ஒருத்தன் காலிபரேட் பண்றேன்னு 37க்கு திருகி வச்சிருவான்.